அட்டெண்டன்ஸ் எடுத்த கருப்பசாமி

உலகத்தில் எத்தனையோ சாமி உண்டு. மழை கொடுக்கிற சாமி, பிள்ளை கொடுக்கிற சாமி, பொய் சொன்னால் கண்ணைக் குத்துகிற சாமி. ஆனால் அட்டெண்டன்ஸ் எடுக்கிற சாமி எங்கள் தெருவில் மட்டும்தான் உண்டு.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்கள் முடிந்து கரிசல்காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. தெருக்கோடியில் கருப்பசாமி கோயில். வருசத்துக்கு ஒருமுறை கொடைத் திருவிழா. மேளம் முழங்க முழங்க, கருப்பசாமி ஒரு மனுசன் மேல் இறங்கி ஆடுவார், குறி சொல்லுவார். அந்த மனுசனைத்தான் தெருவே ‘அட்டெண்டன்ஸ் அண்ணாச்சி’ என்று கூப்பிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ என்று நினைத்து அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அண்ணாச்சிக்கு ஆட்டு வியாபாரம். நேர்ச்சைக்குக் கிடா வேண்டுமென்றால் எல்லோரும் அவரிடம்தான் வாங்குவார்கள். கொடை வந்தால் அவருக்கு அறுவடை. அப்படிப்பட்டவர் மேல் இறங்கிய சாமி, ஒரு கொடையில் அரிவாளை ஓங்கிக்கொண்டு இப்படிக் கத்தியது:

“ஏலே, எனக்கு ஒத்தக் கிடா போதும்ல! மத்ததையெல்லாம் வித்து, பிள்ளையளப் படிக்க வைங்கல!”

உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணாச்சியின் சம்சாரம் சீனியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லா வீட்லயும் சாமி வந்தா நல்ல காலம் வரும். எங்க வீட்ல மட்டும் சாமி வந்து ஏவாரத்தக் கெடுக்குது, பாருங்கக்கா!”

சாமி வாக்கை மீற யாருக்குத் தைரியம்? அந்த வருசம் தெரு முழுக்க ஒரே கிடா. எனக்குக் கிடைத்த கறித்துண்டைக் கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டியிருந்தது. மற்ற கிடாக்கள் விற்ற காசில், கோயில் தகரக்கொட்டகையில் சாயங்காலப் படிப்பு தொடங்கியது. காலேஜ் படிக்கிற இரண்டு பெண்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்பும்வரை புழுதியில் உருண்டுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம், அங்கே கொடுத்த சுண்டலுக்காக வந்து வரிசையாக உட்கார்ந்தன. நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

“மதினி, நீங்க எந்த கிளாசு?” என்றார் அண்ணாச்சி.

“நான் இன்னும் பள்ளிக்கூடத்துலயே சேரல, கொழுந்தனாரே.”

“அப்ப சுண்டலும் இல்ல. எந்திரிங்க.”

அதன் பிறகு வெள்ளிக்கிழமை பூசைக்கும் கருப்பசாமி இறங்கத் தொடங்கினார். இறங்கியதும் முதல் வேலை அட்டெண்டன்ஸ்தான்.

“சம்முகம் எங்கல? முன்னால வால! புதன்கிழம ஏம்ல பள்ளிக்கூடம் போகல?”

“காச்சல் சாமி...”

“காச்சக்காரன் எதுக்குல கண்மாய்ல குட்டிக்கரணம் போட்டே?”

பையன் அங்கேயே அழுதுவிட்டான். அவன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அய்யா, ஒமக்குத் தெரியாதது உண்டா!” என்று விழுந்து கும்பிட்டாள். புதன்கிழமை முழுக்க அண்ணாச்சி அதே கண்மாய்க்கரையில்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். சாமி எங்கும் இருப்பார் என்றால் கண்மாய்க்கரையில் மட்டும் இருக்கக்கூடாதா?

இப்படிச் சில வருசம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டில் இடி விழுந்தது.

என் பேத்தி மகேசு அந்தக் கொட்டகையில் சுண்டல் தின்று படித்தவள். பிளஸ் டூ பாஸாகி, திருநெல்வேலியில் நர்சிங் படிக்க இடமும் வாங்கிவிட்டாள். அவள் அப்பா, என் மகன் முத்துராசு, பசுவந்தனைப் பக்கம் குத்தகை நிலத்தில் போட்ட உளுந்து மழையில்லாமல் காய்ந்து சருகாகிவிட்டது. முந்தின வருசமும் அதே கதை. “நர்சிங்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கொடை முடிஞ்ச கையோட மில்லுக்குப் போகட்டும். அங்கன ஹாஸ்டல் இருக்கு, சோறு போட்டுருவாங்க” என்று சொல்லிவிட்டான். மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர் வந்து வேன் வரும் நாளையும் சொல்லிவிட்டுப் போனார். மகேசு அழவில்லை. துணிமணியை எடுத்து மடித்து வைத்தாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

ஒரு கட்டு பீடி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

“கொழுந்தனாரே, கொடையில சாமி வரும்லா? வந்தா எம்மவன்கிட்ட ஒரு வார்த்த, பிள்ளைய மில்லுக்கு அனுப்பாதலேன்னு...”

மனுசனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “சாமிகிட்டயே சிபாரிசா மதினி? நான் என்ன அவருக்குப் பிஏவா? அவரு வந்தா வாரது, சொன்னா சொல்லுதது. எங்கையில என்ன இருக்கு?”

“அப்ப பீடியத் திருப்பிக் குடுங்க.”

“பீடி இருக்கட்டும்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கொடை வந்தது. உச்சிவேளைப் பூசை. மேளம் தூள் பறந்தது. அண்ணாச்சி கச்சை கட்டி, அரிவாளோடு சாமி முன்னால் நின்றார். கூட்டத்தில் முத்துராசு என் பின்னால் பதுங்கி நின்றான். சாமி தன்னைக் கூப்பிட்டுக் கிழிக்கப்போகிறது என்று அவனுக்கும் உள்ளூர பயம். மகேசு ஓரத்தில் நின்றாள்.

மேளம் அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சாமி வரவில்லை.

உறுமிக்காரர் வேர்த்து வடிந்தார். நாதஸ்வரக்காரர் கன்னம் பணியாரம் மாதிரி உப்பிப்போனது. தண்ணீர் தெளித்தார்கள், குலவை போட்டார்கள். அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கல் மாதிரி நின்றார். ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை.

“வேண்டாம்னு நிக்கப்ப தாவிக்கிட்டு வருது. வேணும்னு நிக்கப்ப எங்க போச்சோ!” என்றாள் சீனியம்மா.

வருவதுபோல நடித்திருக்கலாம். இரண்டு ஆட்டம் போட்டு, ஒரு சத்தம் விட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். அரிவாளைச் சாமி காலடியில் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக முத்துராசுவிடம் வந்தார்.

“ஏலே முத்துராசு. சாமி வரலடா. நான்தான் கேக்கேன். பிள்ளையப் படிக்க அனுப்பு.”

ஊரையே நடுங்க வைத்த குரல் அன்றைக்குப் பூனைக்குட்டிக் குரல் மாதிரி இருந்தது.

முத்துராசு தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கு மட்டும் ஆச இல்லையா சித்தப்பா? காடு காஞ்சு கெடக்கு. காலேசு ஹாஸ்டலுக்குக் கட்ட நான் எங்க போவேன்?”

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். “கிடா நேந்தவுகள்லாம் இந்தத் தடவ இவளுக்குக் குடுங்க.”

கொத்தனார் பால்பாண்டி தொண்டையைக் கனைத்தார். “அண்ணாச்சி, சாமி கேட்டாச் சரி. நீங்க கேட்டா எப்படி?”

“சாமி கேட்டா பயந்துபோயில்ல குடுப்பீய. இன்னைக்குப் பயமில்லாமக் குடுங்க, பாப்போம்.”

யாரும் அசையவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீனியம்மா வந்தாள், கையில் கயிறு, கயிற்றில் அவள் ஆசையாக வளர்த்த செவலைக் கிடா.

“இந்தாங்க, பிடிங்க. சாமி வந்தாலும் எனக்கு நட்டம், வராட்டாலும் எனக்கு நட்டம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்த வாயோடு பால்பாண்டியும் தன் கிடாயைக் கொண்டு வந்து நிறுத்தினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணாச்சி உடனே பழைய ஆளாகி, பால்பாண்டி கிடாயின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார்.

“கெழட்டுக் கிடாயால்ல இருக்கு? சாமிய ஏமாத்தப் பாத்தியாக்கும்!”

வேன் வந்த அன்றைக்கு மகேசு வீட்டில் இல்லை. முத்துராசு அவள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறிப் போயிருந்தான். ஆள் பிடிக்கிறவருக்கு நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

மகேசு இப்போது நர்ஸ். அவள் தம்பி ஐடிஐ முடிக்கப்போகிறான். மழை பொய்த்தால் எங்கள் வீட்டில் இப்போதும் கவலைதான், ஆனால் அடுப்பு எரிகிறது. கொட்டகையில் இப்போது படிக்கிற ஒரு பிள்ளைக்கு மகேசுதான் பீஸ் கட்டுகிறாள்.

போன மாதம் அண்ணாச்சிக்குக் காலில் கருவேல முள் ஏறி, சீழ் வைத்து, மகேசு வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனேன். சாமி வந்தால் அரிவாள் மேலேயே ஏறி நிற்கிற மனுசன், ஊசியைப் பார்த்ததும் கட்டில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி மகேசு, பைய... பைய! மதினி, இவளப் படிக்க வைக்கச் சொன்னது யாரு?”

நான் சிரித்துக்கொண்டே பேத்தியைப் பார்த்தேன். அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“ஏட்டி, தெனமும் ஊருக்கே ஊசி போடுத. இன்னைக்கு என்ன தயக்கம்?”

“சாமிக்குப் போட்டுப் பழக்கமில்லையே ஆச்சி” என்றாள்.