படிக்கட்டுப் பொறுப்பாளர்

ஒன்று, மேல்வீட்டுக்காரன் இந்தக் குடியிருப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தான் இருக்க வேண்டும். தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு காலை எட்டேகால் மணிக்கு ரொட்டிக்காரர் சபதம் செய்தார். உடனே கூரைக்கு மேல் 'டொங்' என்று விழுந்தது ஒரு சத்தம். சபதத்தை அவன் ஏற்றுக்கொண்டது போலிருந்தது.

ரொட்டிக்காரருக்கு பேக்கரியில் இரவு வேலை. ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுக்கிற ஜீவன். மேல்வீட்டுக்காரனோ பழைய வாஷிங் மெஷின்களை வாங்கி வந்து வீட்டுக்குள்ளேயே உடைத்து விற்பவன். 'அரசுக் குடியிருப்பில் தொழில் செய்யக் கூடாது' என்று வாசலில் ஒரு தகரப் பலகை இருந்தது. அதையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டான். அவனுக்குக் குடியிருப்பு வைத்த பெயர் 'இடி'. உடைக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டு வேறு. கழிவெல்லாம் படிக்கட்டில். ஏன் என்று கேட்டவர் கதவுக்கு முன்னால் மறுநாள் ஒரு துருப்பிடித்த மோட்டார் குந்தியிருக்கும்.

முந்தாநாள் ரொட்டிக்காரர் அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். இருநூறு பன் கரிக்கட்டை. முதலாளி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தட்டு கருகினா, நீங்க வீட்லயே தூங்கிக்கலாம்" என்றார் மெதுவாக.

வீட்டில் தூங்க முடியாததுதானே வியாதி என்று ரொட்டிக்காரர் கரிந்த தட்டைச் சுரண்டிக்கொண்டே நினைத்துக்கொண்டார்.

"நீங்க மேல போய் நேராப் பேசுங்களேன்" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்ப்பவள். எந்த முரடனுக்கும் ஊசி போட்டுப் பழகிய கை.

"போறேன். எனக்கென்ன பயமா?"

"பயம்னு நான் சொல்லவே இல்லையே. ஏன் செருப்ப மாத்திப் போட்டிருக்கீங்க?"

ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வொரு படியிலும் நெஞ்சு இரண்டு படி முன்னால் ஓடியது. தட்டினார். பாட்டு நின்றது. கதவு திறந்தது. இடியின் கையில் முழங்கை நீளத்துக்குச் சம்மட்டி.

"என்ன?"

"இல்ல... மணி என்னாச்சுன்னு..."

"கீழ கடிகாரம் இல்லையா?"

"இருக்கு. சரியா ஓடுதான்னு பாக்கலாம்னு."

இடி அவரை மேலும் கீழும் பார்த்தான். "எட்டே முக்கால்" என்றான். கதவு சாத்திக்கொண்டது. ரொட்டிக்காரர் நன்றி என்று கதவிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

"என்ன சொன்னான்?"

"கண்டிச்சுட்டு வந்திருக்கேன்" என்று அவர் சொல்லி முடிக்கும் முன் மேலே மறுபடியும் டொங். மனைவி கூரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இரண்டாவது பார்வைதான் வலித்தது.

குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா புகாரைத் தொடக்கூட இல்லை.

"படிக்கட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து எங்க?"

"எங்க படிக்கட்டுக்கு அப்படி யாருமே இல்லையே."

"ஏழு வருஷமா இல்ல. ஆறு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டு ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. அவர் கையெழுத்து இல்லாம எந்தப் புகாரும் செல்லாது" என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

ரொட்டிக்காரருக்குப் புத்தியில் விளக்கு எரிந்தது. தானே பொறுப்பாளர், தன் புகாரில் தானே கையெழுத்து. இடி காலி! வீட்டுக்கு வந்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் பொறுப்பாளர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வதா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"நீயே நல்ல பேரா எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடும்மா" என்றார் அடக்கத்தோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நல்ல பேரா?"

"இந்தப் படிக்கட்டுக்கு எது நல்லதோ அது."

அவள் தாளோடு கிளம்பினாள். கதவிடுக்கில் காதை வைத்து அவர் எண்ணினார். எதிர்வீடு ஆயிற்று. கீழே இரண்டு வீடும் ஆயிற்று. மேலே ஏறுகிற காலடி. மேல்மாடியில் ஒரு வீடு ஆயிற்று. மிச்சம் இடி ஒருவன்தான். சம்மட்டி நின்றது. பாட்டு நின்றது. பேச்சே கேட்கவில்லை. ரொட்டிக்காரர் பூரிக்கட்டையைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அடுக்களைக்குள்ளேயே நின்றார். அரை மணி நேரம்.

மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். "எல்லாரும் போட்டாச்சு. அலுவலகத்துலயும் குடுத்தாச்சு."

"இடியுமா போட்டான்? எனக்கா?"

"உங்களுக்கு எதுக்கு? அவர் பேரைத்தானே எழுதினேன்."

பூரிக்கட்டை அவர் காலிலேயே விழுந்தது.

"நான்தான் கையெழுத்துப் போட்டேனே, முதல் ஆளா!"

"அதைக் காட்டினதும்தான் அவருக்குக் கண் கலங்கிடுச்சு. இதுவரைக்கும் யாரும் தன்னை எதுக்கும் நம்பினதில்லையாம். வார்டுலயும் அப்படித்தாங்க. ரொம்பக் கத்துற ஆள்கிட்ட, 'அண்ணே, மத்தவங்க கத்தாம நீங்கதான் பாத்துக்கணும்'னு சொல்லிடுவோம். அப்புறம் ஒரு முனகல் கேக்காது."

"என் வேலை போச்சு" என்று முகத்தை மூடிக்கொண்டார் ரொட்டிக்காரர்.

போகவில்லை. மறுநாள் படிக்கட்டில் ஒரு திருகாணி கிடையாது. உடைக்கிற வேலையை இடி ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றிவிட்டான். சட்டையில் 'பொறுப்பாளர்' என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினான். எதிர்வீட்டுக் குழந்தை தும்மினால்கூட எட்டிப் பார்த்தான். குடியிருப்பில் ஈ பறந்தால் கேட்டது. ரொட்டிக்காரர் ஆறு நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். பன் பொன்னாக வெந்தது. முதலாளி தோளில் தட்டினார். எல்லாம் தன் கையெழுத்தின் மகிமை என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

ஏழாம் நாள் நண்பகலில் கதவு தட்டப்பட்டது. இடி. கையில் சம்மட்டி இல்லை, தாள் இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க அண்ணே. உங்க வீட்டு மேல புகார். தினம் காலைல எட்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஏதோ மரம் அறுக்குற சத்தமாம். நான் விசாரிச்சேன். மரம் இல்ல, நீங்கதான்."

"என் குறட்டையா? எவன் குடுத்தது?"

இடி சங்கடத்தோடு தாளைத் திருப்பிக் காட்டினான். ரேஷன் கார்டிலும், கல்யாணப் பதிவேட்டில் தன் கையெழுத்துக்குப் பக்கத்திலும் அவர் பார்த்துப் பழகிய கையெழுத்து. அதற்கு மேலே, வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் என்ற இடத்தில், அழகாக ஒரே வரி:

'இதற்கு மேல்வீட்டுச் சத்தமே தேவலை.'