கோட்டையிலிருந்து கிளம்பாத படகு

“மாப்ளே, பீரங்கியைப் பார்க்கணும்னா நீங்க போய்ப் பாருங்க. இவ என்னோட இருக்கட்டும்,” என்றார் மாமியார்.

மெக்கானிக் மாப்பிள்ளை தனியே போய்ப் பீரங்கியைப் பார்த்தான். பீரங்கியும் அவனைப் பார்த்தது.

ஒரு வாரமாக மனைவி அவனிடம் பேசவில்லை. நாளைக் காலை அம்மாவோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். அதற்குள் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டுவிடத்தான் நடுக்கடலில் இருக்கும் இந்தப் பழைய கோட்டைக்கு அழைத்து வந்தான். முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தது மாமியார்.

“கொத்தளத்து மேலேருந்து கடல் முழுக்கத் தெரியும் அத்தை. உங்களுக்கு முட்டி வலி வேற. நாங்க ரெண்டு பேரு மட்டும்...”

“வலின்னா காலைப் பிடிச்சுவிட ஆள் வேணாமா? நீங்க ஏறுங்க மாப்ளே.”

ஏறினான். கடல் முழுக்கத் தெரிந்தது. மனைவிதான் தெரியவில்லை.

இனி ஒரே வழி. கடைசிப் படகு கிளம்பத் தாமதமானால் மாமியார் எப்படியும் கண்ணயர்வார். படகுக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, என்ஜினின் பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

படகு கிளம்பவில்லை. மாமியாரும் கண்ணயரவில்லை. எழுந்து நின்று அறிவித்தார்: “யாரும் பயப்படாதீங்க! எங்க மாப்பிள்ளை மெக்கானிக்!”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒயரை ரகசியமாக மாட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைக் கம்பீரமாக இழுத்தான். என்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. மறுபடி இழுத்தான். ஒயர் சரியாகத்தான் இருந்தது; கயிறு விரலைக் கிழித்ததுதான் மிச்சம்.

“மெக்கானிக்கா, இல்ல மெக்கானிக் கடைக்குப் பக்கத்துக் கடையா?” என்றது ஒரு குரல்.

நட்டைக் கழற்றக் கை நீட்டினான். கேட்காமலேயே பத்தாம் நம்பர் ஸ்பானர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நிமிர்ந்தால், மனைவி.

“பார்த்துங்க. விரல்ல ரத்தம் வருது.”

“வரட்டும். அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“முதல்ல விரலைக் குடுங்க.”

“நாளைக்குப் போகாதே.”

“எல்லாரும் பார்க்கிறாங்க, என்ஜினைப் பாருங்க,” என்றாள். பிடித்த விரலை மட்டும் விடவில்லை.

மிச்சமிருந்த கையால் பெட்ரோல் குழாயைக் கழற்றினான். உள்ளே, சுருட்டித் திணித்த துணி!

“எந்த மனசாட்சி இல்லாத பய செஞ்ச வேலை இது?” என்று ஒயரைப் பிடுங்கியவன் கொதித்தான்.

படகுக்காரர் பதறிப்போய் அவன் காதருகே குனிந்தார்.

“சத்தம் போடாதீங்க சார், டீக்கடையிலேருந்து எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்தேன். துணியைத் திணிச்சது உங்க சம்சாரம், ஒயரைப் பிடுங்கினது நீங்க. ஏன் சார், வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?”