நரி வளர்த்த கோழி

ஒரு காட்டில் செவத்தையன் என்றொரு நரி தன் பெண்டாட்டியோடும் இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தது. மூத்தவள் கோமு, இளையவன் வேலு. இரண்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை போனைப் பார்த்தபடி குப்புறக் கிடக்கும். நாளைக்கு இதுகளுக்கு ஒரு முயல்கூடப் பிடிக்கத் தெரியாதே என்று செவத்தையனுக்குக் கவலை. கொல்லையில் கோழி வளர்த்தால் பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரியும் என்று யாரோ சொன்னார்கள். தெரியாவிட்டாலும் தீபாவளிக்குக் கோழியாவது மிஞ்சும் என்று அதற்குத் தோன்றியது.

நரி கோழி வளர்க்க அந்தக் காட்டில் அனுமதி வேண்டும். மூன்று நாள் வரிசையில் நின்று படிவம் வாங்கி, 'நோக்கம்' என்ற இடத்தில் 'பிள்ளைகளுக்கு உழைப்பைக் கற்பித்தல்' என்று எழுதிக் கொடுத்தது. எழுத்தர் ஆமை முத்திரை குத்திவிட்டு, கோழியைத் தின்றால் அதற்கு வேறு படிவம், வேறு வரிசை என்று எச்சரித்தது.

மாடத்தி என்ற கோழி ஐந்து குஞ்சுகளோடு வந்து சேர்ந்தது. முதல் வாரம் நரிக்குட்டிகள் அழுதுகொண்டே கூட்டைக் கழுவின. அடுத்த வாரம் முணுமுணுத்துக்கொண்டு கழுவின. அப்புறம் அந்த வேலை அதுகளுக்கே பிடித்துப்போயிற்று. விடியுமுன் எழுந்து கரையான் தேடிக் கொண்டுவந்து குஞ்சுகளின் வாயிலேயே ஊட்டின. போனைத் தொடவே நேரமில்லை. இப்போது குஞ்சுகள் அதைப் பார்த்தபடி குப்புறக் கிடந்தன.

தீபாவளி வந்தது. செவத்தையன் வரிசையை நினைத்துப் பார்த்தது. வயிற்றையும் நினைத்துப் பார்த்தது. கடைசியில் கூட்டுக்குப் போனால், மாடத்தி அழுதுகொண்டிருந்தது.

"உம்ம பிள்ளைக தேறிட்டாங்க, அண்ணாச்சி. என் பிள்ளைகளுக்கு மண்ணைக் கிளறக்கூடத் தெரியலை. நான் போயிட்டா இதுக எப்படிப் பிழைக்கும்?"

கடிக்கத் திறந்த வாயைச் செவத்தையனால் மூட முடியவில்லை. அதுவும் பிள்ளை பெற்றதுதானே. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னது: பிள்ளைகளிடம் எதையாவது வளர்க்கச் சொல்ல வேண்டும்.

"எதை வளர்க்க?" என்று கேட்ட மாடத்தி, செவத்தையனை மேலும் கீழும் பார்த்தது.

மறுநாளே மாடத்தி வரிசையில் போய் நின்றது. 'வளர்க்கும் பிராணி: நரி. எண்ணிக்கை: ஒன்று.' ஆமை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தியது.

அன்றிலிருந்து செவத்தையன் கூட்டுக்குள் இருக்கிறது. குஞ்சுகள் கோழி கூவுமுன் எழுந்து ஓடைக்குப் போய் நண்டு பிடித்து வருகின்றன. இரண்டு குஞ்சுகள் வாலைக் கோதிவிடுகின்றன. ஒன்று உண்ணி பொறுக்குகிறது. செவத்தையனுக்குத் தொப்பை போட்டுவிட்டது. கூட்டு வாசல் வழியாக வெளியே வர முடியாது. ஒருநாள் கோமு வந்து, அம்மா தேடுகிறாள், வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள்.

"நான் எழுந்து வந்துட்டா அந்தப் பிள்ளைக கெட்டுப்போகும்மா" என்று சொல்லிவிட்டு, செவத்தையன் மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

நீதி: பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரிய வேண்டுமானால், வீட்டில் யாராவது ஒருவர் சும்மா படுத்திருக்கும் தியாகத்தைச் செய்தே ஆகவேண்டும்.