வாட்டர்லூவில் சந்திப்போம்

கடிகாரத்துக்கு அடியில் சம்பந்தி வீட்டார் யாரும் இல்லை.

மெர்வின் விக்கரி ஒரு செடார் சீஸ் உருளையைக் கைக்குழந்தை போல மார்போடு அணைத்தபடி, வாட்டர்லூ ரயில் நிலையத்தின் நடுக்கூடத்தில் நின்று பெல்ஜிய முகங்களைத் தேடினார். பெல்ஜிய முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும், லண்டனுக்கு வருகிற தெற்கத்தி ஆட்கள் ஒருவரையொருவர் சந்திப்பது இந்தக் கடிகாரத்துக்கு அடியில்தான். இது கூடவா சொல்லித் தர வேண்டும்?

மகள் ஹேசல் பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கிறாள். முன்பெல்லாம் மெர்வின் தென்மேற்கே யோவிலில் தன் இரும்புக்கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறினால், வாட்டர்லூவில் இறங்கி, கையில் காப்பியோடு நாலு எட்டு நடப்பார். அதே கூரைக்கு அடியில் பிரஸ்ஸல்ஸ் ரயில் நிற்கும். போன நவம்பரில் அந்த வெளிநாட்டு ரயில் நிலையத்தையே பெயர்த்துக்கொண்டு போய் ஊரின் வடக்கே செயின்ட் பாங்க்ராஸில் வைத்துவிட்டார்கள். மேற்கிலும் தெற்கிலும் இருக்கிறவர்கள் மனிதர்களாகவே கண்ணில் படவில்லை போலும். "அந்த நிலையத்துல என் கால் படாது" என்று மெர்வின் சபதம் செய்தார். சபதத்தைக் காப்பாற்ற, திபோ என்ற பெல்ஜியப் பையனோடு நடந்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கே போகவில்லை.

அதற்கு நெவில் போனான். நெவில் மெர்வினின் இறந்துபோன மனைவிக்குத் தம்பி, வடக்கே டெர்பிக்காரன்.

"டெர்பில ஏறினேன், செயின்ட் பாங்க்ராஸ்ல இறங்கினேன், மாடி ஏறினா பெல்ஜியம்" என்று திரும்பி வந்ததும் போனில் சொன்னான். "நீ எங்க மச்சான் மாட்டிக்கிட்டே?"

அதன் பிறகு ஹேசல் வெகுநாள் பேசவில்லை. பேசியபோது குரலில் ஈரமே இல்லை.

"அப்பா, சனிக்கிழமை மத்தியானம். வாட்டர்லூ. திபோவோட அப்பா அம்மா, நெவில் மாமா, எல்லாரும் இருப்பாங்க. அவங்க உங்களை இன்னும் பாத்ததே இல்ல. இதுக்கும் வரலைன்னா, கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல என் கையைப் புடிச்சு மாமாதான் கூட்டிட்டுப் போவார்."

"வாட்டர்லூவா!" மெர்வின் துள்ளினார். "அப்படிச் சொல்லு! உன் மாமியார் வீட்டுக்காவது நியாயம் தெரியுதே!"

"அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"ஒண்ணும் சொல்லாதே. வாட்டர்லூன்னு சொன்னியே, அது போதும்!"

போனை வைத்துவிட்டுக் கடையிலிருந்த எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது மத்தியானம். சீஸ் கனத்தது. ஹேசல் போனை எடுக்கவில்லை. மெர்வின் ஆரஞ்சு அங்கி போட்ட ஊழியப் பெண்ணை நிறுத்தினார்.

"ஏம்மா, பெல்ஜியத்துலேர்ந்து வர்றவங்க எங்க இறங்குவாங்க?"

"செயின்ட் பாங்க்ராஸ்ல சார்."

"நான் வாட்டர்லூல எங்கன்னு கேட்டேன்."

"இங்க யாரும் இறங்க மாட்டாங்க சார். பூட்டியாச்சு."

"யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?"

"என்னைக் கேக்கல சார்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்போதுதான் மெர்வினுக்கு உறைத்தது. பாவம், சம்பந்தி வீட்டார் வாட்டர்லூவை நம்பி ரயிலேறியிருப்பார்கள். ரயில் அவர்களைச் செயின்ட் பாங்க்ராஸில் கொட்டியிருக்கும். பாஷை தெரியாத ஊரில், யாரோ செய்த அநியாயத்துக்கு அவர்கள் திண்டாடுகிறார்கள். மகளுக்காகச் சபதத்தை முறித்தே ஆக வேண்டும்.

சுரங்க ரயிலில் ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, இரண்டு தடவை தப்பான பக்கம் நடந்து, அவர் செயின்ட் பாங்க்ராஸ் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். வானத்தில் பாதியை வெட்டி எடுத்து நீல இரும்புச் சட்டத்தில் மாட்டியது போல ஒரு கண்ணாடிக் கூரை. அதன் வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அழகாக வேறு இருந்தது. அதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நல்லா இருக்குல்ல?" பக்கத்தில் பெட்டியோடு நின்ற ஓர் அம்மாள் கேட்டாள்.

"எங்க பக்கத்துலேர்ந்து புடுங்கி இங்க நட்டது. நல்லா இல்லாம என்ன செய்யும்?"

"எந்த ஊர் நீங்க?"

"யோவில்."

"நான் நாட்டிங்ஹாம். இத்தனை வருஷம் நாங்க இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு சுரங்க ரயில்ல வாட்டர்லூவுக்கு அல்லாடினோமே, அப்ப உங்களுக்குக் கோவம் வந்துச்சா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அப்ப அது இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சும்மா!"

அவள் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிப் போனாள். நாட்டிங்ஹாம்காரிகளும் டெர்பிக்காரன்களும் ஒரே ரகம் என்று மெர்வின் முடிவு செய்தார்.

வெளிநாட்டு ரயில் ஒன்று வந்திருந்தது. ஆட்கள் கதவு வழியாகக் குபுகுபுவென்று வெளியே வந்தார்கள். யாரைப் பிடிப்பது? சீஸைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்து, பேனாவால் கொட்டை எழுத்தில் 'திபோ' என்று எழுதித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் வயதான ஒரு தம்பதி அவர் எதிரே வந்து நின்றார்கள். அந்த மனிதர் காகிதத்தைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"திபோ!"

"திபோவோட அப்பாவா?"

"வீ, வீ! திபோ!" என்று அவர் பிரெஞ்சில் ஆமாம் போட்டார்.

மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. சீஸோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் தன் பெரிய பெட்டியின் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். பையனைப் பெற்றவர்களுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்று மெர்வின் அதைச் சந்தோஷமாக இழுத்தார்.

"வாங்க, வாட்டர்லூ போலாம்."

'வாட்டர்லூ' என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவரின் முகம் சுருங்கிப்போனது. மனைவி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"பாத்தீங்களா!" மெர்வின் உருகினார். "உங்களுக்கே வயிறு எரியுதுல்ல? எனக்கு எப்படி இருக்கும்!"

"நெப்போலியன்..." என்று பெரியவர் முனகினார்.

"அதேதான் சம்பந்தி. நெப்போலியன் மாதிரிதான் முடிவெடுத்துட்டானுங்க. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல!"

மறுபடி சுரங்கத்துக்குள் இறங்க மெர்வினுக்குத் தெம்பில்லை. சிவப்பு மாடி பஸ்ஸில் ஏற்றினார். தம்பதிக்கு அது பிடித்துப்போனது. மேல்மாடியின் முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்தார்கள். அந்த அம்மாளுக்குப் பசி; காகிதம் கிழிந்த சீஸையே பார்த்துக்கொண்டு வந்தாள். எப்படியும் அவர்களுக்காகக் கொண்டுவந்ததுதானே என்று மெர்வின் பேனாக்கத்தியால் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். பெரியவரும் கை நீட்டினார். வழி நெடுக மெர்வின் தென்மேற்குச் சீமைக்கு நடந்த துரோகத்தை விளக்கிக்கொண்டே வந்தார். இருவரும் மென்றபடி தலையாட்டினார்கள். இவ்வளவு பொறுமையாக அவர் பேச்சை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஹேசல் நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்படப் போகிறாள்.

வாட்டர்லூவில் கடிகாரத்துக்கு அடியில் ஹேசலும் இல்லை, நெவிலும் இல்லை. போன் அடித்தது. நெவில்தான்.

"மச்சான், எங்க இருக்கே?"

"வாட்டர்லூல!"

"நானும் வாட்டர்லூலதான் இருக்கேன்! எங்கேயும் உன்னைக் காணோமே? ஹேசல் மூஞ்சி தொங்கிப்போச்சு."

"கடிகாரத்துக்கு அடியில பாருய்யா."

"எந்தக் கடிகாரம்? நாங்க சிங்கத்துக்கு அடியில நிக்கிறோம்."

"சிங்கத்துக்கு அடியிலயா?"

"ஆமா, பெரிய சிங்கம். கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். படியேறி மேல வா. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்கலாம்னு வந்தோம். இங்க காத்து..."

காற்று இரைந்தது. லைன் அறுந்தது.

மெர்வினுக்கு ரத்தம் தலைக்கேறியது. சிங்கமாம்! பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் தலைமாட்டில் நிற்கிறதே, அந்த வெள்ளைக் கல் சிங்கம்! இத்தனை நல்ல கடிகாரம் இருக்கும்போது, பெண்ணையும் இழுத்துக்கொண்டு காற்றில் பாலத்தில் போய் நிற்க டெர்பிக்காரனுக்குத்தான் தோன்றும். வாட்டர்லூவில் எங்கே சந்திப்பது என்று இனி வடக்கத்தி ஆட்கள்தான் தீர்மானிப்பார்களா? நிலையத்தைப் பிடுங்கியது போதாதா? இப்போது மகளையும் பிடுங்கப் பார்க்கிறான்.

"சம்பந்தி, இன்னும் கொஞ்சம் நடக்கணும்."

தம்பதியின் சிரிப்பு இப்போது பாதியாகிவிட்டது. பெரியவர் ஒரு கைபேசி எண்ணை அழுத்தி யாரிடமோ காரசாரமாகப் பேசினார். பசி பாவம், என்று மெர்வின் இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு நடந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி, மூன்று பேரும் சிங்கத்தின் முன்னால் போய் நின்றார்கள். சுற்றிலும் படம் எடுக்கிற கூட்டம். நெவில் இல்லை.

மெர்வின் அவனை அழைத்தார்.

"சிங்கத்துக்கு அடியில நிக்கிறேன். நீ எங்கய்யா?"

"நானும் சிங்கத்துக்கு அடியிலதான்!"

"எந்தப் பக்கம்?"

"வால் பக்கம்."

மெர்வின் வால் பக்கம் ஓடினார். "நானும் வால் பக்கம்தான் இருக்கேன்!"

"அப்ப நான் முன்னால வர்றேன்."

"வேணாம், நானே முன்னால வர்றேன்!"

சிங்கத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னாலேயே தம்பதியும் சுற்றினார்கள், இதுவும் ஏதோ சடங்கு என்று நினைத்து.

"என்னை வேணும்னே அலைக்கழிக்கிற நெவில்! என் பொண்ணு முன்னால என்னை வராதவனா ஆக்கப் பாக்குற! இது நடக்காது. அவகிட்ட போனைக் குடு!"

ஹேசலின் குரல் வந்தது. அழுதிருந்தாள் போலிருந்தது.

"அப்பா, நிஜமாவே கிளம்பி வந்தீங்களா? பொய் சொல்லாதீங்க. சும்மா யோவில்ல உக்காந்துக்கிட்டு..."

"உங்கம்மா மேல சத்தியமா வாட்டர்லூல நிக்கிறேன் கண்ணு. சிங்கம் என் தலைக்கு மேலதான் இருக்கு. உனக்காக நான் அந்த செயின்ட் பாங்க்ராஸுக்கே போனேன், தெரியுமா? உன் மாமனார் மாமியார் அங்க அநாதையா நின்னாங்க. யாராவது போய்க் கூட்டிட்டு வந்தீங்களா? நான்தான் கூட்டிட்டு வந்தேன். பஸ்ல உக்கார வச்சு, சீஸ் வெட்டிக் குடுத்து, பெட்டியைச் சுமந்து, பத்திரமா கூட்டிட்டு வந்திருக்கேன். என் பக்கத்துலதான் நிக்கிறாங்க. இப்ப சொல்லு, உன் கையைப் புடிச்சுக்கிட்டு நடக்குற தகுதி யாருக்கு இருக்கு? எனக்கா, உன் மாமனுக்கா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. யாரோ கிசுகிசுத்தார்கள். போன் கை மாறியது. மெர்வின் இதுவரை கேட்டிராத ஒரு பெண்ணின் குரல், மிகவும் மரியாதையாக, நிறுத்தி நிறுத்திப் பேசியது.

"வணக்கம் சம்பந்தி, நான் திபோவோட அம்மா, பெல்ஜியத்துல எங்க ஊர் வாட்டர்லூ சிங்கத்துக்கு அடியிலேர்ந்து பேசுறேன், நீங்க எந்த நாட்டுல நின்னுக்கிட்டு, யாரோட அப்பா அம்மாவைப் பத்திரமா வச்சிருக்கீங்க?"