பாலகிருஷ்ணனுக்குச் சறுக்க வரவில்லை

"டயர்ல பிடிப்பே இல்ல. பின்பக்கம் சறுக்கிக்கிட்டே போவுது. நல்லா ஏமாத்திட்டானுங்க."

மாவுக்கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டியபடி பாலகிருஷ்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தார். பொம்மைக் கார் ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டது.

அவர் மனைவி வேல்விழியின் முகம் தொங்கிப்போனது. விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் நடுவே இருபத்தோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் தனியார் பஸ் ஓட்டிய மனிதர், நிறுத்தி வைத்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மூன்று வாரமாக ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது. முன்பு மட்டும் நிறையப் பேசினார்களா என்றால் இல்லை. அவர் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போதும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், கடைசி டிரிப் முடித்து வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஓட்டுவதற்குக் கையில் ஏதாவது இருந்தால் மனுஷன் தெளிந்துவிடுவார் என்றுதான் ஆன்லைனில் இந்தக் காரை வரவழைத்தாள். பெட்டியில் 'டிரிஃப்ட்' என்று போட்டிருந்தது. கம்பெனி பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள், பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை முடிந்ததும், சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். அதை வளையம் வளையமாக வெட்டி நாலு சக்கரத்துக்கும் மாட்டினாள். சறுக்கல் நின்றது. ஆனால் முதல் திருப்பத்திலேயே கார் குப்புறக் கவிழ்ந்தது.

"பஸ்ஸா இருந்தா உள்ள அறுவது பேரு இருந்திருப்பாங்க," என்றார் பாலகிருஷ்ணன்.

பெட்டியில் இருந்த நம்பருக்கு வேல்விழி போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காரின் வேலையே சறுக்குவதுதான் என்றாள். பின்பக்கத்தை வீசவிட்டு, கவிழாமல், முட்டாமல் ஓட்டுவதுதான் விளையாட்டாம். அதற்காகத்தான் டயரை வழவழப்பான பிளாஸ்டிக்கில் செய்கிறார்களாம். முதலில் அந்த ரப்பரைக் கழற்றச் சொன்னாள்.

விஷயத்தைக் கேட்ட பாலகிருஷ்ணன், சறுக்காமல் ஓட்டியே பழகிய கைக்கு இந்த ஜென்மத்தில் அது வராது என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் வேல்விழிக்கு வீம்பு பிறந்தது. தினமும் வேலைவிட்டு வந்ததும் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"பின்பக்கம் எந்தப் பக்கம் வீசுதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கத் திருப்புங்க."

அவர் நேர் எதிர்ப்பக்கம் திருப்பினார். கடைசியில் அவர் கையின் மேல் தன் கையை வைத்துத் திருப்பினாள். கார் அழகாக வளைந்து போனது. கையை எடுத்த மறுநொடி போய்ச் சுவரில் முட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். தோள் குலுங்கச் சிரிக்கிறவர் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு வாரம் ஆகியும் கை எடுத்தால் சுவர்தான். குறை தரையில் இருக்கிறது என்று முடிவுகட்டினாள். வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியிடம் மிச்சம் கிடந்த டைல்ஸைக் கேட்டு வாங்கி வந்து, ஹால் முழுக்கப் பரப்பினாள். ஒவ்வொரு இணைப்பிலும் கார் தடுக்கித் தவளைபோல் தாவியது. அந்த இடுக்கை நிரப்ப, கம்பெனியில் அச்சில் களிமண் ஒட்டாமலிருக்கத் தூவுகிற வெள்ளை மாவைக் கொண்டுவந்து தாராளமாகக் கொட்டினாள். கார் ஒரே வழுக்காக வழுக்கி பீரோவுக்கு அடியில் போனது. அதை எடுக்கப்போன வேல்விழியும் பின்னாலேயே போனாள்.

கணுக்கால் சுளுக்கு. டாக்டர் கட்டுப்போட்டு, ஒரு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்.

இப்போது கட்டிலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் பகலெல்லாம் இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்பது கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. வேல்விழிக்குக் கண் கலங்கியது.

"உங்களுக்கு ஒரு சந்தோசம் குடுக்கலாம்னு வாங்கினேன். கடைசி வரைக்கும் உங்களுக்கு ஓட்ட வரவே இல்லியே."

பாலகிருஷ்ணன் தன் தலையணையை உருவி அவள் காலுக்கடியில் வைத்தார். "இன்னும் கொஞ்ச நாளு சொல்லிக்குடு. வந்துடும்," என்றார்.

ரசம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்கு ஓட்ட வரல? நீங்க வேலைக்குப் போனதும் மாமா கட்டைய ஊணிக்கிட்டு எங்க வராண்டாவுக்கு வந்து, நாலு செருப்ப வச்சு, ஒண்ணு மேலயும் படாம எட்டு போட்டு ஓட்டுறாரேக்கா, கார் வந்த ரெண்டாம் நாளுலேர்ந்து."