நினைவு யோகமும் ஐந்து சொற்களும்

"அப்பா, கண்ணைச் சுத்தி என்ன நீலமா இருக்கு?" என்று வாசலிலேயே மறித்தான் மகன்.

"தியானம் முத்திடுச்சுடா," என்றார் பிழைதிருத்துநர்.

முற்றியது தியானமன்று, திருட்டு. அச்சகத்தில் நாற்பதாண்டுகள் மெய்ப்புப் பார்த்தவர் அவர். ஒரு சொல் இருமுறை வந்துவிட்டால் கழுகெனப் பாய்ந்து அடிப்பார். அத்தகையவர் அடுப்பை அணைக்க மறந்த குற்றத்துக்காக முதியோர் நினைவு யோக வகுப்பில் தள்ளப்பட்டார். அங்கே தொடக்கத்தில் பயிற்றுநர் அம்மையார் ஐந்து சொற்களை வாசிப்பார். ஆசனங்கள் முடிந்தபின் ஒப்பிக்க வேண்டும். வாரந்தோறும் புதுச்சொற்கள் என்பது விதி. அன்று வந்தவை குடை, யானை, விளக்கு, தேன், சாவி.

"மூக்கைப் பிடிச்சா மூளை வளருமாம்! அப்போ சளி பிடிச்சவனெல்லாம் மேதையா?" என்று இகழ்ந்தபடியே அவற்றை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நெல்லிக்கனியெனத் தெளிவாகவே இருந்தன, "கையைத் தேய்ச்சு கண்ணுல ஒத்திக்குங்க" என்று அம்மையார் சொல்லும்வரை.

"மூணாவது வாரத்துக்குள்ள அஞ்சும் சரியா சொல்லலைன்னா ஸ்கூட்டரை வித்துடுவேன்," என்றான் மகன். அந்த ஸ்கூட்டர்தான் கிழவருக்கு எஞ்சியிருந்த ஒரே சாம்ராஜ்யம்.

மறுவாரம் உள்ளங்காலில் எழுதினார். படிப்பதற்காகப் பாதத்தை மூக்குவரை இழுத்தார்.

"எல்லாரும் ஐயாவைப் பாருங்க! என்னமா வளையறாரு! அப்படியே இருங்க ஐயா, அம்பது எண்ணுறேன்."

இருந்தார். எண்ணி முடித்தும் அப்படியே இருந்தார். மடக்கு நாற்காலியைப் போல அவரை இருவர் சேர்ந்து விரித்தனர். வலியில் ஐந்து சொற்களோடு தம் பெயரும் மறந்தது.

மூன்றாம் வாரம் தமிழே தஞ்சமென்று தெளிந்தார். சவாசனத்தில் மற்றவர்கள் குறட்டை விட, அவர் சொற்களை வெண்பாவில் பூட்டினார். எழுந்தார், முழங்கினார்:

"சாவியுடன் யானை குடைபிடிக்கத் தேனூற்ற
மேவும் விளக்கின் ஒளி."

"அஞ்சும் சரி!" அம்மையார் கைதட்டினார். "எல்லாம் யோகத்தோட மகிமை!"

"யோகமாவது! யாப்பும்மா, யாப்பு!" அவர் சகமாணவர்களை ஏளனமாகப் பார்த்தார். "வாராவாரம் புதுசு புதுசா வர்ற சொல்லைப் பிடிக்க மூக்கு போதாதுய்யா, மூளை வேணும்!"

பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா நிமிர்ந்தாள்.

"எது ஐயா புதுசு? மூணு வாரமா டீச்சரம்மா அதே அஞ்சு சொல்லைத்தானே படிக்கிறாங்க?"