ஒரே செல்ஃபில் போன வண்டி

வண்டியை விற்க விடுவதில்லை என்று துரைக்கண்ணு சபதம் போட்டது மார்கழி எட்டாம் தேதி காலையில், கக்கூசுக்குள் உட்கார்ந்து. திண்டிவனத்து வீட்டில் அவர் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு யோசிக்க முடிகிற இடம் அது ஒன்றுதான். அங்கேயும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் அருணா கதவைத் தட்டுவாள்.

வண்டி என்றால் பெட்ரோல் பிக்கப். ஆறு வருஷத்துக்கு முன்னால் மகளிர் குழுக் கடனில் வாங்கியது. குழுவில் ஆம்பளைக்குக் கடன் கிடையாது. அதனால் ஆர்.சி. புத்தகத்தில் அருணா பேர், ஸ்டியரிங்கில் துரைக்கண்ணு கை. ரெண்டும் ஒன்றுதான் என்று மனுஷன் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த நம்பிக்கையில் ரசம் ஊற்றினாள் அருணா.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன்."

"இன்னாது? எந்த வண்டிய?"

"நமக்கு இன்னா பத்து வண்டியா ஓடுது? பனிக்காலம் வந்தா எட்டு மணிக்கு மேலதான் அது கண்ணு முழிக்குது. காய் லோடுக்காரன் விடியக்காலம் கூப்புடுறான். எட்டு மணிக்குப் போய் நின்னா, வாயா ராசான்னு மாலை போடுவானா?"

"பெட்ரோல் வண்டின்னா பனிக்கு அப்படித்தான் இருக்கும். வெயில் ஏறணும்."

"ஏறட்டும். வேற எவன் வீட்டு வாசல்லயாவது நின்னுகினு ஏறட்டும்."

வண்டி போனால் தனக்கு என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்த்தார் துரைக்கண்ணு. வேட்டி ரெண்டு, லைசென்ஸ் ஒன்று. டீக்கடையில் இன்றைக்கு "வாங்க ஓனரே" என்கிறவன் நாளைக்கு "யோவ், நகந்து உக்காரு" என்பான். நாற்பத்தெட்டு வயசில் இன்னொருத்தன் வண்டிக்கு டிரைவராகப் போய், அவன் அதட்டும்போது தலையாட்ட வேண்டும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வண்டிக்கு நிஜமாகவே சீக்கு உண்டு. பனியில் ராத்திரி முழுக்க நின்றால் காலையில் செல்ஃப் 'கர்ர் கர்ர்' என்று இழுக்கும், எஞ்சின் பிடிக்காது. புது பேட்டரி போட்டார். பிளக் மாற்றினார். முன்பக்கம் எலுமிச்சம்பழமும் கட்டினார். ஒன்றுக்கும் மசியவில்லை. அப்புறம் ஒருநாள் தற்செயலாக ஒரு வைத்தியம் அகப்பட்டது. சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற பம்பு 'உய்ங்' என்று ஓய்கிற வரைக்கும் பொறுக்க வேண்டும். அணைத்து மறுபடியும் அதே. மூன்று தடவை. நாலாவதில் செல்ஃப் அடித்தால் சொன்னபடி கேட்கும்.

இந்த வைத்தியத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போக விருப்பம் இருக்கிற இடத்துக்கு மூன்று தடவை. இல்லாத இடத்துக்கு நேராக 'கர்ர் கர்ர்', அப்புறம் போர்வை. ஊருக்கெல்லாம் பனி மேல் கோபம், இவருக்கு மட்டும் பனி கூட்டாளி.

இந்தக் கூட்டணி செய்த பெரிய காரியம் போன கார்த்திகையில் நடந்தது. அருணாவின் ஒரே தங்கச்சி ஆர்த்திக்கு விழுப்புரத்தில் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். பத்திரிகையில் மூத்த மருமகன் துரைக்கண்ணு பேரைக் கடைசி வரியில் போட்டுவிட்டார்கள், யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் கீழே. அன்றைக்கு நாலு மணியிலிருந்து 'கர்ர் கர்ர்'தான். அருணா பட்டுப்புடவையோடு இறங்கி பஸ் ஏறப் போனபோதெல்லாம், "இதோ புடிச்சிருச்சு, ஏறு" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். வெயில் வந்த பிறகு வண்டி கிளம்பியது. மண்டபத்தில் போய் நின்றபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சீக்கைத்தான் இப்போது மலை போல நம்பினார் துரைக்கண்ணு. கக்கூசை விட்டு வெளியே வந்து, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "வித்துடு. உன் இஷ்டம். ஆனா வாங்குறவன விடியக்காலம் அஞ்சரைக்கு வரச் சொல்லு. பனியில பாத்தாதான் வண்டியோட யோக்கியதை தெரியும். நாம யாரையும் ஏமாத்தக் கூடாது பாரு" என்றார்.

"சரிங்க" என்றாள் அருணா.

அவள் ஒரே வார்த்தையில் சரி என்றதே கிடையாது. துரைக்கண்ணு அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷத்தில் இன்னொரு இட்லி கேட்டார்.

வியாழக்கிழமை வாங்குகிறவர் வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை காலையில் அருணா, "உங்க அக்கா கேப்பை மாவு அரைச்சு வச்சிருக்காங்களாம். பஸ்ல போய் வாங்கிகினு வாங்க. வண்டிய நான் கழுவி வைக்கணும்" என்றாள். அக்கா ஊரான காணைக்குப் போய், அவள் கையால் கோழிக்குழம்பு தின்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்பினார். வண்டி பளபளவென்று நின்றது. கழுவட்டும், கழுவட்டும், பிணத்தையும்தான் குளிப்பாட்டுகிறார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். படுக்கப் போகும் முன்னால் தார்ப்பாயையும் உருவிவிட்டார். பனி நன்றாக இறங்கட்டும்.

மறுநாள் அஞ்சரைக்குக் குல்லாவும் மப்ளருமாக வந்து நின்றார் முத்துசாமி. வண்டியைச் சோதித்துப் பார்க்க வாங்குகிறவர் அனுப்பிய மெக்கானிக். வந்ததும் முதல் வேலையாக பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடு பண்ணி ஏமாற்றுகிற வேலை இந்த வியாபாரத்தில் சகஜம்.

"ஜில்லுனு கீது" என்றார் முத்துசாமி.

"கையே வைக்கல நாங்க" என்றார் துரைக்கண்ணு. "மறைக்காம சொல்லிடுறேங்க. இது பனிக்கு ஆவாத வண்டி. லேசுல ஸ்டார்ட் ஆவாது. சுத்த பேஜாரு. சொந்தக்காரனே சொல்றேன், வாங்குனா கஷ்டப்படுவீங்க."

உலகத்தில் தன் வண்டியை இப்படித் திட்டி விற்ற ஓனர் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். முத்துசாமி எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார்.

"நீங்களே அடிச்சுக் காட்டுங்க."

துரைக்கண்ணு கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். பம்பாவது, உய்ங்காவது. சாவியை ஒரே திருப்பாக, நேராகத் திருப்பினார்.

வண்டி பிடித்துக்கொண்டது. ஒரே செல்ஃப். குழந்தை மாதிரி ஓடியது.

பதறிப்போய் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். அது இன்னும் அழகாகப் பிடித்தது.

"பனியும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே" என்றார் முத்துசாமி. "பம்புல வால்வு போயிருந்துச்சு. ராத்திரியெல்லாம் நின்னா பைப்புல இருக்குற பெட்ரோலு டேங்குக்கே திரும்பிப் போயிடும். நேத்து நீங்க காணைக்குப் போனப்ப அண்ணி கூப்பிட்டாங்க. மாத்திக் குடுத்துட்டேன்."

துரைக்கண்ணு மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அருணா முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"உங்க அக்கா வூட்டுக்குப் போறப்ப சாவிய மூணு தடவ திருப்பி, காதுல கேட்டுகினு உக்காந்திருப்பீங்க. ஆறு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து வர்றேன், எனக்குத் தெரியாதா? என் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவகூட நீங்க அப்படிப் பொறுத்து அடிக்கல. அவ கழுத்துல தாலி ஏறுனத நான் செல்லுலதாங்க பாத்தேன்."

அவள் குரல் உயரவே இல்லை. சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். எஞ்சினை அணைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ராஜ்குமார், ஆர்த்தியின் புருஷன். திண்டிவனம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறவன். பின்னால் ஆர்த்தி, மடியில் தேங்காய், பூ, கற்பூரம்.

"வாங்குறது இவனா?" என்றார் துரைக்கண்ணு. குரலும் பனியில் நின்ற வண்டி மாதிரி 'கர்ர்' என்றது.

"ஆமாங்க. டிரைவரு வேணும்னாங்க. உங்களச் சொல்லியிருக்கேன்" என்றாள் அருணா.

"நானா? இவன்கிட்டயா?"

"விழுப்புரத்துலருந்து காய் ஏத்திகினு ஆறு மணிக்குள்ள கடைக்கு வந்துரணும் சகல" என்றான் ராஜ்குமார் மரியாதையாக. அந்த மரியாதைதான் இன்னும் வலித்தது.

ஆர்த்தி பானெட்டுக்குப் பூ வைத்துவிட்டு, டிரைவர் பக்கம் வந்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்பிடுங்க மாமா. எழுந்திரிக்க முடியலன்னா ஒண்ணும் பிரச்சனையில்ல, நான் அக்காவுக்குப் போன் பண்ணிடுறேன்."